பாதித் தண்ணீர் மாற்றினேன், மறுநாள் டெட்ரா செத்துப்போச்சு: பிஹெச் ஏறியதாலா?

நொய்யல்கரை:
எல்லோருக்கும் வணக்கம், கோவையிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது ஒன்றரை அடி தொட்டி, 18×12×12 அங்குலம். மணல், கல் போக 35 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா மாஸ், ஒரு மரக்கட்டை. நியான் டெட்ரா கூட்டம், இரண்டு கோரி, ஒரு பெட்டா. ஒன்றரை வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களாக வேலை அதிகம், அதனால் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு சிறுவாணிக் குடிநீரை மேலே நிரப்புவதோடு சரி.

போன வாரம் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது குழாயில் நல்ல தண்ணீர் முறை இல்லை. பாதியை எடுத்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றினேன், ஆன்டி குளோரினும் போட்டேன். இரவே டெட்ராக்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடின. காலையில் பாதிக்கு மேல் போய்விட்டன. கோரியும் பெட்டாவும் சோர்ந்து கிடக்கின்றன.

எடுத்த பழைய தண்ணீர் செடிக்கு ஊற்ற வாளியில் இருந்தது. எல்லாவற்றையும் சொட்டு கிட்டிலும், டிடிஎஸ்ஸை மட்டும் பேனாவிலும் சோதித்தேன் (பிஹெச் என்பது அமில-கார அளவு, கேஹெச் என்பது அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை, டிகிரியில்; டிடிஎஸ் என்பது கரைந்த உப்பு மொத்தம்; மற்ற எண்களெல்லாம் பிபிஎம், அதாவது லிட்டருக்கு மில்லிகிராம்):

பழைய தொட்டித் தண்ணீர்: பிஹெச் 6.0, அம்மோனியா 4, நைட்ரேட் 80க்கு மேல், கேஹெச் முதல் சொட்டிலேயே மஞ்சள் (ஏறக்குறைய பூஜ்யம்), டிடிஎஸ் 250
போர் தண்ணீர்: பிஹெச் 7.8, கேஹெச் 14, டிடிஎஸ் 1100
சிறுவாணி: கேஹெச் 1, டிடிஎஸ் 40
இப்போது தொட்டி: பிஹெச் 7.6, அம்மோனியா 2, கேஹெச் 7

பிஹெச் ஏறிவிட்டது என்று சொல்லி கடையில் பிஹெச் டவுன் பாட்டில் கொடுத்தார்கள். ஊற்றலாமா?

மீன்பித்தன்:
வேண்டாம், மூடி வையுங்கள். தீனியையும் இரண்டு நாளைக்கு நிறுத்துங்கள்.

போர்வெல்பாவி:
6.0லிருந்து 7.6 என்றால் பிஹெச் ஷாக்தான் ப்ரோ. சென்னையில் நான் வாரம் ஒருமுறை பிஹெச் டவுன் போட்டுத்தான் ஓட்டுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது.

நீர்க்கணக்கு:
பிஹெச் மட்டும் கொன்றிருக்காது. நொய்யல்கரை கொடுத்திருக்கும் எண்களிலேயே விடை இருக்கிறது. அந்த வாளித் தண்ணீரைக் கொட்டாமல் சோதித்தது பெரிய உதவி.

கிட் காட்டும் அம்மோனியா எண் இரண்டு பொருள்களின் கூட்டுத்தொகை. ஒன்று மீனின் செவுளைத் தாக்கும் அம்மோனியா, மற்றொன்று அதே அளவுக்குத் தொல்லை தராத அம்மோனியம். எது எவ்வளவு என்பதை பிஹெச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 26 டிகிரியில் பிஹெச் 6 என்றால் விஷமான பங்கு 0.06 சதவீதம். 7.6 என்றால் 2.4 சதவீதம்.

இனி பெருக்கிப் பாருங்கள். பழைய தண்ணீரில் மொத்தம் 4, அதில் விஷம் 0.0024. பாதியை மாற்றியதும் மொத்தம் 2 ஆகக் குறைந்தது, ஆனால் விஷம் 0.048 ஆகிவிட்டது. அம்மோனியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டு அதன் விஷத்தை 20 மடங்கு ஏற்றியிருக்கிறீர்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்கும். செவுள் எரிந்தால் தண்ணீரில் காற்று இருந்தும் மூச்சு வாங்கும்.

அதோடு டிடிஎஸ் 250லிருந்து ஒரே மணி நேரத்தில் 675க்குத் தாவியிருக்கிறது. நியான் டெட்ரா அமேசான் படுகையின் உப்பில்லாத தண்ணீரில் வாழ்கிற மீன், அந்தத் தாவலும் அதற்கு அடி. இரண்டும் சேர்ந்து வந்ததால் எது முதலில் கொன்றது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கோரி பிழைத்திருப்பது ஆச்சரியம்தான். பெட்டா கெட்டியான ஆள்.

நொய்யல்கரை:
ஐயோ. ஆனால் பழைய தண்ணீரில் அம்மோனியா 4 எப்படி வந்தது? ஒன்றரை வருடத் தொட்டி, சைக்கிள் (அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளர்ந்து நிலைப்பது) முடிந்து எவ்வளவோ காலம் ஆகிறதே?

நீர்க்கணக்கு:
கேஹெச் தீர்ந்ததால் வந்தது.

அம்மோனியாவை நைட்ரைட்டாக, பிறகு நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்த வேலையில் அமிலத்தையும் வெளியிடுகிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைக் கரைசேர்க்க, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.1 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். அந்தக் காரத்தன்மையைத்தான் நாம் கேஹெச் என்று அளக்கிறோம். 1 டிகிரி கேஹெச் என்பது 17.9 பிபிஎம். சிறுவாணியில் வருவது ஒரு டிகிரி. வாராவாரம் தண்ணீர் மாற்றியபோது அந்த ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. மாற்றுவதை நிறுத்தியதும் கையிருப்பு தீர்ந்து பிஹெச் 6க்குச் சரிந்தது. 6.5க்குக் கீழே அந்த பாக்டீரியா மந்தமாகும், 6 பக்கத்தில் ஏறக்குறைய வேலைநிறுத்தம். பிறகு மீன் விடும் அம்மோனியா அப்படியே தேங்கும்.

பிஹெச் 6இல் அது அம்மோனியமாக இருப்பதால் மீனுக்கு ஒன்றும் தெரியாது. தொட்டி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், மீனும் சுறுசுறுப்பாக இருக்கும். ‘நான் தண்ணீரே மாற்றுவதில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்கிறவர்களில் பலருடைய தொட்டி இந்த நிலையில்தான் இருக்கும்.

மீன்பித்தன்:
ஒரு சின்ன கணக்கு சேர்க்கிறேன். அந்த 7.1 என்பது அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரைக்குமான செலவு. தீனியில் உள்ள புரதம் உடைந்து அம்மோனியா வரும் கட்டத்தில் கொஞ்சம் காரத்தன்மை வரவும் ஆகிறது, ஏறக்குறைய பாதி. எனவே நடைமுறையில் நைட்ரேட் 20 ஏறினால் கேஹெச் சுமார் 1 இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 80 நைட்ரேட் வரைக்கும் போக 4 டிகிரி வேண்டும். ஒரு டிகிரி தண்ணீரை வைத்துக்கொண்டு இவர் இத்தனை நாள் ஓட்டியதே பெரிய விஷயம்.

நீர்க்கணக்கு:
சரியான திருத்தம், அந்த 20க்கு 1 கணக்கையே எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிராணி:
அந்த பாக்டீரியாவை நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். மீன்தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா. அதிலும் சில வகை அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்துவிடும் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். தலைப்புக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும்.

நொய்யல்கரை:
இப்போது என்ன செய்வது? மீதி மீன்களைக் காப்பாற்ற வேண்டும்.

நீர்க்கணக்கு:
வரிசை முக்கியம். பிஹெச் டவுன் வேண்டவே வேண்டாம். உங்கள் தொட்டியில் இப்போது கேஹெச் 7 இருக்கிறது, அமிலம் ஊற்றினால் அது பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கி வெளியேறும். பிஹெச் இறங்கி மறுநாள் ஏறும். மறுபடி ஊற்றுவீர்கள். ஒருநாள் கேஹெச் தீர்ந்து ஒரே அடியாகக் கீழே போகும்.

இன்றைக்கு 30 சதவீதம் சிறுவாணித் தண்ணீரால் மாற்றுங்கள், வாளியில் ஆன்டி குளோரின் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். நாளை இன்னொரு 30. முதல் மாற்றத்தில் கேஹெச் 5.2 ஆகும், இரண்டாவதில் 4க்கு வரும். அம்மோனியா 1.4, பிறகு 1. டிடிஎஸ் 485, பிறகு 350. பிஹெச்சும் தானாகக் கொஞ்சம் இறங்கும். நீங்கள் போர் தண்ணீர் ஊற்றியதில் ஒரு நன்மையும் இருக்கிறது, கேஹெச் கிடைத்ததால் தூங்கிக்கொண்டிருந்த பாக்டீரியா விழித்துக்கொள்ளும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம், குளோரின் இருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

பழைய தண்ணீர் நிலையிலேயே ஒருவர் இந்தச் சிக்கலைக் கண்டுபிடித்தால், அதாவது பிஹெச் 6, அம்மோனியா 4, மீன் உயிரோடு, அவர் கேஹெச்சை ஏற்றும் முன் அதே மாதிரி மென்மையான தண்ணீரில் 10, 15 சதவீதமாகத் தினமும் மாற்றி அம்மோனியாவைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சோடா, சிப்பி எல்லாம். அவசரப்பட்டு முதல் நாளே சோடா உப்பு போட்டால் போர் தண்ணீர் ஊற்றிய அதே கதைதான்.

நொய்யல்கரை:
புரிந்தது. அடுத்து, இது திரும்ப வராமல் இருக்க? ஆர்ஓ தண்ணீர் வாங்கி ஊற்றலாமா?

குட்டித்தொட்டி:
ஆர்ஓ தான் பெஸ்ட் சார், சுத்தமான தண்ணீர்.

பாசிராணி:
சிறுவாணியே ஏறக்குறைய ஆர்ஓ மாதிரிதான் இருக்கிறது, அதிலிருந்து இன்னும் கேஹெச்சை எடுத்து என்ன செய்யப் போகிறார்?

நீர்க்கணக்கு:
இவருக்குப் பிரச்சினையே தண்ணீரில் ஒன்றும் இல்லாததுதான். வீட்டில் இரண்டு குழாய் இருக்கிறது, கோவைக்காரர்களுக்கு அது வரம். ஒன்றில் கேஹெச் 1, மற்றதில் 14. மூன்று பங்கு நல்ல தண்ணீர் (சிறுவாணி), ஒரு பங்கு உப்புத் தண்ணீர் (போர்) கலந்தால் கேஹெச் 4.25, டிடிஎஸ் சுமார் 305. டெட்ரா, கோரி, பெட்டா எல்லாம் அதில் பழகிக்கொள்ளும். ஒரு பைசா செலவில்லை. ஒரு டிரம்மில் கலந்து ஒரு இரவு ஏர் ஸ்டோன் ஓட விட்டு, மறுநாள் மாற்றுங்கள். நல்ல தண்ணீர் வராத வாரத்துக்கும் அந்த டிரம்மில் இருப்பு இருக்கும்.

ஆவியாகிக் குறைவதை நிரப்ப மட்டும் தனி சிறுவாணி. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். கலவைத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும்.

மீன்பித்தன்:
போர் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு: சமையல் சோடா. 1 லிட்டருக்கு 30 மில்லிகிராம் போட்டால் கேஹெச் 1 ஏறும். இவருடைய 35 லிட்டருக்கு ஒரு டிகிரி ஏற்ற 1 கிராம் போதும். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம், ஒரே தடவையில் போட்டால் ஐந்து டிகிரி தாவும். எனவே நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு, அதை எடுத்துவிடாதீர்கள்.

சோடாவில் கால்சியம் கிடையாது, கேஹெச் மட்டும் ஏறும். நத்தை, இறால் வளர்ப்பவர்கள் ஓடு கட்டக் கால்சியத்துக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.

பாசிராணி:
அதற்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓடு. சிறிய துண்டு போதும். கிளிஞ்சலும் சரி. இரண்டும் கால்சியம் கார்பனேட், தண்ணீர் அமிலமாகும்போதுதான் கரையும், பிஹெச் ஏறியதும் கரைவது குறைந்துவிடும். அளவு தவறிப்போகும் பயம் இல்லை.

இணையத்தில் எல்லோரும் பவளக்கல் தூள் என்று சொல்வார்கள். நம் ஊரில் அதைத் தேடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. ராமேஸ்வரம் பக்கம் கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கி வந்தாலும் குற்றம்தான்.

போர்வெல்பாவி:
எல்லாம் சரி, என் கதைக்கு வாருங்கள். சென்னை, அடுக்குமாடி. டிடிஎஸ் 1400, பிஹெச் 8.2. நியான் வைத்தால் நிற்பதில்லை. அசோசியேஷன் சாஃப்ட்னர் பிளான்ட் போட்டிருக்கிறது, அப்புறமும் டிடிஎஸ் அப்படியேதான் இருக்கிறது. பாதாம் இலை போட்டேன், தண்ணீர் டீ நிறமானது, பிஹெச் அசையவில்லை. வேறு என்னதான் செய்வது?

நீர்க்கணக்கு:
உங்கள் சாஃப்ட்னர் அதன் வேலையைத்தான் செய்கிறது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும். துணி துவைக்க நுரை வரும், குழாயில் வெள்ளைப் படிவு குறையும். டிடிஎஸ் குறையாது, கேஹெச்சும் குறையாது. மீனுக்கு அந்தத் தண்ணீரைவிட சாஃப்ட்னருக்கு முந்தைய தண்ணீர் மேல், முடிந்தால் அந்தக் குழாயிலிருந்து பிடியுங்கள். பாதாம் இலையில் இருக்கும் அமிலம் மிகக் கொஞ்சம், கேஹெச் அதிகமாக இருக்கும் தண்ணீரில் அது பிஹெச்சை அசைக்காது. நிறம் வரும், மீனுக்கு நிழல் கிடைக்கும், அவ்வளவுதான்.

டிடிஎஸ் பேனா உப்பு மொத்தத்தைத்தான் சொல்லும், அதில் எவ்வளவு கேஹெச் என்று சொல்லாது. கேஹெச் சொட்டு கிட் ஒன்று வாங்குங்கள், மற்ற கிட்டெல்லாம் பிறகு பார்க்கலாம். 5 மில்லிக்கு ஒரு சொட்டு ஒரு டிகிரி என்றிருக்கும் கிட்டில் 10 மில்லி எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரி ஆகும், சிறுவாணி மாதிரித் தண்ணீருக்கு அது உதவும்.

மீன்பித்தன்:
போர் தண்ணீரைப் பிடித்தவுடன் பிஹெச் பார்க்காதீர்கள். நிலத்தடியில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும், 7.2 என்று காட்டும். ஒரு இரவு காற்றாடினால் அதே தண்ணீர் 8 காட்டும். தொட்டியில் செடி நிறைய இருந்தால் காலையிலும் மாலையிலும் பிஹெச் மாறும், கேஹெச் குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாக. எனவே தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள்.

போர்வெல்பாவி:
அப்போ நியான்?

கொளத்தூர்பக்கம்:
அண்ணா, சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் மீன் வாங்கிப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே ‘வீட்டில் என்ன தண்ணீர்’ என்றுதான். போர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி எடுத்துப் போங்கள். அந்தத் தண்ணீரில்தான் அவை நன்றாகக் குட்டி போடும். நியானே வேண்டுமென்றால் ஆர்ஓ கலந்துதான் ஆக வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கவே ஆசைப்படுகிறார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நீர்க்கணக்கு:
இதுதான் நேர்மையான பதில். ஆர்ஓ வழியில் போவதாக இருந்தால் நாலு பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு போர் என்று தொடங்குங்கள். உங்கள் டிடிஎஸ் 300 பக்கம் வந்து நிற்கும், கேஹெச்சை கிட்டில் பாருங்கள். வெறும் ஆர்ஓவில் தொட்டி ஓட்டினால் நொய்யல்கரைக்கு நடந்ததுதான் நடக்கும். ஆர்ஓ வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு விடலாமா என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்கிறேன், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டித்தொட்டி:
எங்களுக்கு சென்னை மெட்ரோ வாட்டர். குடிக்கிற தண்ணீர்தானே, சோதிக்க வேண்டுமா?

கொளத்தூர்பக்கம்:
வேண்டும் தம்பி. இன்றைக்கு வருகிற தண்ணீர் போன மாதம் வந்த தண்ணீர் இல்லை. புழல், செம்பரம்பாக்கம், வீராணம், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருந்து வரும் கடல்நீர்க் குடிநீர் என்று மூலம் பல. ஏரி வற்றும்போது கலவை மாறும். லாரித் தண்ணீர் என்றால் ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு ரகம். அடுக்குமாடியில் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்குத் தண்ணீர் மாற்றி மொத்தத் தொட்டியையும் இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அன்றைக்கு வழக்கமான ஆன்டி குளோரின் அளவு போதாது.

நீர்க்கணக்கு:
‘குடிக்கிற தண்ணீர்’ என்பது மீனுக்கு ஒரு அளவே இல்லை. ஐஎஸ் 10500 குடிநீர்த் தரத்தில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு மூலம் இல்லையென்றால் 2000 வரை விடலாம். குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நமக்கு அது பாதுகாப்பு, செவுளுக்கும் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் இல்லை.

யாழ்க்கிணறு:
யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட கிணறு சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது, கேஹெச் பற்றி ஒரு கவலையும் இல்லை, பிஹெச் மலை மாதிரி அசையாமல் நிற்கும். பிரச்சினை நைட்ரேட். கிழமைக்குக் கிழமை தண்ணீர் மாத்துறன், நைட்ரேட் 50க்குக் கீழே இறங்குதே இல்லை. ஃபில்டர் பிழையோ?

மீன்பித்தன்:
கிணற்றுத் தண்ணீரையே சோதித்தீர்களா அண்ணை?

யாழ்க்கிணறு:
இப்பதான் பார்த்தன். கிணற்றிலேயே 50 காட்டுது.

நீர்க்கணக்கு:
அப்படியானால் ஃபில்டரில் பிழையில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம் சுண்ணாம்புக்கல் வழியே நேராகக் கீழே இறங்குகிற மண் உங்களுடையது, குடாநாட்டுக் கிணறுகளில் நைட்ரேட் பழைய பிரச்சினை. எவ்வளவு மாற்றினாலும் 50க்குக் கீழே போகாது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, முதல் மழையை விட்டுவிட்டு, கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலவுங்கள். மழைத் தண்ணீரில் கேஹெச்சும் இல்லை, நைட்ரேட்டும் அற்பம். கேஹெச் பாதியானாலும் உங்களுக்குத் தாராளம். மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் அதுவும் நைட்ரேட்டைக் கொஞ்சம் இழுக்கும், இலையைத் தண்ணீருக்கு வெளியே வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்காதீர்கள், காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. மீன் விஷயத்தைவிட அது முக்கியம்.

யாழ்க்கிணறு:
நன்றி. கைக்குழந்தை இல்லை, ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கு, சொல்லிவிடுறன்.

நொய்யல்கரை:
இரண்டு முறை மாற்றியாயிற்று. கேஹெச் 4, அம்மோனியா 1க்குக் கீழே, பிஹெச் 7.3. கோரிகள் மணலைக் கிளற ஆரம்பித்துவிட்டன. மிஞ்சிய டெட்ராக்கள் இன்னும் மூலையில்தான். மூன்றுக்கு ஒன்று கலவையை டிரம்மில் போட்டிருக்கிறேன். புது டெட்ரா எப்போது வாங்கலாம்?

நீர்க்கணக்கு:
அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, ஒரு வாரம் முழுக்க அப்படியே நின்ற பிறகு. அதுவரை தீனி ஒருநாள் விட்டு ஒருநாள். இனி மாதம் இரண்டு முறை கேஹெச் மட்டும் பாருங்கள், 3க்குக் கீழே வந்தால் தண்ணீர் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். பிஹெச் அதன்பாட்டில் இருக்கும்.

குட்டித்தொட்டி:
கடல்நுரை வாங்கிப் போட்டேன், மிதக்கிறதே?

பாசிராணி:
மிதக்கத்தான் செய்யும், உள்ளே முழுக்கக் காற்று. உடைத்து ஃபில்டருக்குள் சொருகுங்கள், இல்லையென்றால் நூலில் ஒரு கல்லோடு கட்டிப் போடுங்கள். ஆனால் உங்கள் தண்ணீரின் கேஹெச் எவ்வளவு? பார்த்துவிட்டுத்தானே போட்டீர்கள்?

குட்டித்தொட்டி:
கிட் நாளை வருகிறது.